புள்ளி வைத்த சுவர்

“...போட்டோ புடிக்க வாரவங்களுக்கு அழுக்குச் செவுத்தை எப்படிங்க காட்டறது? அதான் நேத்தே சுண்ணாம்பு அடிச்சுப்போட்டமுங்க” என்று தறிக்கூடத்து அக்கா பேசிக்கொண்டே முன்னால் போக, சந்து திரும்பிய நான் அப்படியே நின்றுவிட்டேன். காலை வெயிலில் சுவர் கண்ணைப் பறித்தது.

போன சித்திரையில், குமாரபாளையத்தில் அந்த அக்காவின் விசைத்தறிக் கூடத்தில் நடந்தது இது. நான் ராசிபுரம் பக்கம் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன். வீடியோ பார்த்துப் பார்த்து, புகைப்படங்களை வைத்தே கட்டடத்தை அளக்கும் வேலையைக் கற்றுக்கொண்டேன். ஒரே சுவரைப் பல இடங்களில் நின்று, ஒரு படத்தின் பாதி அடுத்த படத்திலும் விழுகிற மாதிரி எடுத்துத் தள்ளவேண்டும். ஒரு கறையோ விரிசலோ எந்தெந்தப் படத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தேடிப் பிடித்து, சுவரை மேடு பள்ளத்தோடு அப்படியே திரையில் நிறுத்தும்.

கூடத்தின் சந்துப் பக்கச் சுவர் வயிறு தள்ளியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற வழி. வந்து பார்த்துத் தறிகளை நிறுத்தச் சொன்ன நகராட்சி இன்ஜினியர், மொத்தச் சுவரின் அளவும் சாயங்காலத்துக்குள் கைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே இடித்துவிடுவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டார். சுவர் போனால் கூரையும் போகும். அக்காவின் தறிகள் வெயிலில் நிற்கும்.

என் வேலைக்குக் கறைதான் சோறு. அதையல்லவா மரியாதைக்காக மூடி வைத்திருந்தார்கள்! மனசு கேட்காமல் எடுத்துப் பார்த்தேன். லேப்டாப்பில் கூரை வந்தது, சந்து வந்தது, சுவர் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை. அக்கா எட்டிப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, அவங்க இடிக்கறதுக்கு முன்னாடியே உங்க பொட்டி இடிச்சுப்போட்டுதா?”

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும், சுவரின் அடியில் கோடு இழுக்க வாங்கி வைத்திருந்த செங்காவியை அக்கா கரைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் கழியில் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் கேமராவுக்கு பேட்டரி மாற்றி நிமிர்வதற்குள், பாதிச் சுவரில் கோலத்துக்கு வைத்த மாதிரி அச்சு அசலாக வரிசைப் புள்ளி! எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் கம்ப்யூட்டர் எது எதென்று குழம்பிப் போகும். கோணலாக, பெரிதும் சிறிதுமாக வையுங்கள் என்று கெஞ்சினேன். கோலம் போட்டுப் பழகிய கைகள் கேட்டால்தானே?

“கோணலா வெக்கோணும்னா எங்கூட்டுக்காரரைக் கூப்புடுங்க. அவுருக்கு அது ஒண்ணுதான் நேரா வரும்” என்றார் அக்கா.

தான் அடித்த சுண்ணாம்பு வீணாகிறதே என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த அந்த அண்ணன், கழியை வாங்கி வீசினார் பாருங்கள், சந்தே சிரித்தது.

மறுபடி எடுத்தேன். இம்முறை காவிப் புள்ளிகளோடு சுவர் திரையில் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றது. அளவுகளை அனுப்பினேன். பொழுது சாய்வதற்குள் இன்ஜினியர் போனில் கூப்பிட்டார். நடுவில்தான் புடைப்பு, தலைப்பக்கம் நேராக இருக்கிறது, இடிக்க வேண்டாம், முட்டுச்சுவர் கொடுத்துவிட்டுத் தறியை ஓட்டலாம் என்றார். மழைக்காலம் முடிந்து, இதே புள்ளிகளை வைத்து மறுபடி அளந்தால் சுவர் அசைந்ததா என்றும் தெரிந்துவிடுமாம்.

அன்றிலிருந்து எதைப் பளிச்சென்று துடைத்து என் முன்னால் வைத்தாலும், அதன் கறையைத்தான் மனசு தேடுகிறது. நம்மை அடையாளம் காட்டுவதே அதுதானோ என்று இப்போதும் தோன்றுகிறது.

அன்று போனை வைத்துவிட்டு, சேதியை எல்லோருக்கும் சொல்லி நான் திரும்பினால், சந்தோஷத்தில் அந்த அண்ணன் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துப் புள்ளிகளை மூடக் கிளம்பியிருந்தார். அக்கா ஓடி வந்தார். மட்டையைப் பிடுங்கிக் கூரை மேல் எறிந்துவிட்டு, காவியில் விரலை முக்கி, விட்டுப்போன ஒரு மூலையில் இன்னொரு கோணல் புள்ளி வைத்தார்.