ஊமைப்படப் பெட்டி

என் மகளுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. நான் செய்த காரியத்துக்கு அந்தப் பயம்தான் காரணம். மன்னிப்புக் கேட்க இதைச் சொல்லவில்லை.

காரைக்காலில் கணவர் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி கிடந்தது. மாமனாரின் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் கொட்டகை போட்டுப் படம் காட்டியவர். உள்ளே மூன்று பிலிம் சுருள்கள். மூடியில் ஒரு நாவலின் பெயர். எம்.ஏ.வில் எனக்குப் பாடமாக இருந்தது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு படித்து அழுத கதை. அது மௌனப்படமாக வந்ததாகவும் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்றும் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சென்னையில் பழைய படங்களைச் சேகரிக்கும் ஒருவருக்குப் போன் செய்தேன்.

"சுருளப் பிரிக்காதீங்கம்மா. திங்கக்கிழமை நானே வர்றேன்" என்றார்.

சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். மௌனப்படம் என்று சொல்லியிருக்கலாம். ஊமைப்படம் என்றேன்.

மாமியாரின் கை சோற்றில் நின்றது. "ஊமையத் தலைக்கு மேல வச்சிக்கிட்டு, புள்ள ஏன் பேசலன்னு டாக்டர் டாக்டரா அலையிறீங்க. நல்லாருக்கு."

கணவர் சிரித்தார். "தூக்கித்தான் போடேன். இப்ப அதப் பாத்து யாரு அழப்போறா?"

சனிக்கிழமை திருநள்ளாறு போனோம். குளத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியைக் கழித்துவிட்டால் பீடை போகும் என்பார்கள். மாமியார் மகளின் பழைய கவுனில் சுருள்களைச் சுற்றினார். அவள் தலையை மூன்று முறை சுற்றி என்னிடம் நீட்டினார்.

"தாய் கையால விடணும்."

ஒருவேளை உண்மையாக இருந்தால்? படித்தவள் இப்படி நினைக்கலாமா? இரண்டையும் யோசித்துக்கொண்டே விட்டேன்.

திங்கட்கிழமை அந்த மனிதர் வந்தார். "பழைய சாமான் தம்பி, கழிச்சாச்சு. டீ சாப்பிடுறீங்களா?" என்றார் மாமியார். வந்தவரை அழைத்துக்கொண்டு குளத்துக்கு ஓடினேன். ஈரத்துணிகளையெல்லாம் முதல் நாளே வண்டியில் அள்ளிப் போயிருந்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த மாதம் நான் பிடிவாதம் பிடித்து எல்லோருமாகப் போனபோது காது டாக்டர் சொன்னார், இரண்டு காதிலும் நீர் கட்டியிருக்கிறது, சரியாகக் கேட்கவில்லை, சின்ன ஆபரேஷன் போதும் என்று.

"பாத்தியா, கழிச்சதும் தெரிஞ்சிருச்சு" என்றார் மாமியார். கணவர் தலையாட்டினார். ஒரு வருடமாகக் காதைப் பார்க்கலாம் என்று நான் கெஞ்சியபோதும் இதே தலைதான் இல்லை என்று ஆடியது.

ஆபரேஷனை என்றைக்கு வைக்கலாம் என்று டாக்டர் கேட்டார். இருவரையும் பார்க்காமல், "நாளைக்கே" என்றேன்.

"நாளைக்கு அஷ்டமிம்மா."

"இருக்கட்டும் அத்தை."