பதினேழாம் பக்கம்

கோடையில் பாறைச் சூடு பாவாடையைத் தாண்டி உறைக்கும். உட்கார்ந்த இடத்தில் பத்து எண்ணுவதற்குள் நான் இந்தப் பக்கம் சாய்வேன், அந்தப் பக்கம் சாய்வேன், காலை மடக்குவேன், நீட்டுவேன், எழுந்துபோய் வேப்பமரத்து நிழல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். "உனக்கு அடியில என்ன கட்டெறும்பா கடிக்குது? ஒரு எடத்துல குந்துடி" என்பாள் என் அக்கா மல்லிகா.

அந்தக் கட்டெறும்பு இந்த வயதிலும் என்னை விடவில்லை. போன மாதம் என் மகன் கம்ப்யூட்டரில் ஏதோ போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தபோது அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஆறு சிப்பாய்களைக் கட்டம் கட்டமாக நகர்த்தி ஒரு ஊரைப் பிடிக்க வேண்டுமாம். ஒரு சிப்பாய் குண்டடிபட்டு விழுந்தான். மகன் 'ச்சே' என்று சலித்துக்கொண்டு எதையோ தட்டினான், செத்தவன் எழுந்து பழைய இடத்தில் நின்றான். "சேவ் பண்ணி வச்சிருந்தேம்மா, அங்கேருந்து திரும்ப ஆடலாம்" என்றான். அரை மணி நேரத்தில் அதே ஆள் ஏழு தடவை செத்து ஏழு தடவை எழுந்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போனேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினேன், மறுபடி போனேன். கம்ப்யூட்டர் என்ற சொல்லே காதில் விழாத காலத்தில், ஒரு கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்தவள் நான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மானாவாரி ஊர் எங்களுடையது, பெயரைச் சொன்னால் பெரம்பலூர்க்காரர்களே "அது எந்தப் பக்கம்?" என்பார்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம். மழை ஏமாற்றிய மாதங்களில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றப் போய்விடுவார். அம்மா களை வெட்டப் போவாள். வீட்டில் ஒன்பது ஆடுகள் இருந்தன, அவற்றைப் பார்க்க நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு வேப்பந்தட்டைக்கு பஸ் ஏற வேண்டும். அந்த வருஷம் நான் ஆறாவது முடித்திருந்தேன், அக்கா எட்டாவது.

"இவ பஸ் ஏறிப் போயிட்டா ஆட்ட யாரு பாக்குறது?" என்பதுதான் அப்பாவின் ஒரே கேள்வி. நானாக இருந்தால் தரையில் புரண்டு ஊரைக் கூட்டியிருப்பேன். அக்கா அப்படியில்லை, எதையும் நிதானமாக யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். "காலையில பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு நேரம், சாயங்காலம் வந்து ஒரு நேரம் நானே மேய்ச்சுக்கிறேன்ப்பா" என்றாள். அப்பா பீடியை அணைத்துவிட்டு, "சரி, இந்த லீவு முடியட்டும். ஒம்போது உருப்படியும் ஒண்ணு கொறையாம பட்டியில நிக்கட்டும். பொறுப்பா இருப்பன்னு தெரிஞ்சா அனுப்பி வைக்கிறேன்" என்றார். அவ்வளவுதான், அக்காவின் காலில் சக்கரம் கட்டியது போல ஆகிவிட்டது. அடுத்த தெருவில் பாஸான ஒருத்தியிடம் பழைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிவந்து, செய்தித்தாளில் அட்டை போட்டு, பரணில் வைத்தாள். சாயங்காலம் பட்டியில் அடைக்கும்போது ஒவ்வொரு ஆட்டையும் முதுகில் தொட்டு எண்ணுவாள், எண்ணி முடித்துவிட்டு இன்னொரு தடவை எண்ணுவாள்.

மேய்ச்சல் காட்டில் எங்களுக்கென்று ஒரு பாறை இருந்தது. பாய் விரித்தது போலத் தட்டையாக இருக்கும். அதில் சுண்ணாம்புக்கல்லால் கோடு கிழித்து ஆடுபுலி ஆடுவோம். பதினைந்து புளியங்கொட்டைகள் ஆடு. புலிகளுக்கு, சுண்ணாம்புக்கல் குழியிலிருந்து அப்பா கொண்டுவந்த மூன்று கற்கள். நத்தை சுருண்டு கல்லாகிப் போனது போன்ற கற்கள். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது, அதில் கிடந்த ஜீவன்கள் இவை என்று அப்பா சொல்வார், நாங்கள் நம்பமாட்டோம். புலி ஆட்டைத் தாண்டினால் ஆடு வெட்டு. மூன்று புலிகளும் நகர இடமில்லாமல் ஆடுகள் சூழ்ந்து அடைத்துவிட்டால் ஆட்டுக்கு ஜெயம். மூத்தவள் என்பதால் புலி எப்போதும் அக்காவுக்கு, ஆடு எனக்கு.

எனக்கு ஒரு வியாதி இருந்தது. ஒரு ஆடு வெட்டுப்பட்டாலும் என்னால் பொறுக்க முடியாது. மீதிப் பதினாலு இருக்கிறதே, அதை வைத்து அடைக்கலாமே என்று தோன்றவே தோன்றாது. போன ஒன்றின் பின்னாலேயே மனசு ஓடும். ஆத்திரத்தில் அடுத்ததைத் தப்பாக வைப்பேன், அதுவும் போகும், அப்புறம் வரிசையாகப் போகும். "திருப்பி வைக்கா, நான் பாக்காம வச்சிட்டேன்" என்று கெஞ்சுவேன். "வச்சா வச்சதுதான்டி" என்பாள் அக்கா. நான் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்ததும் அவள் முகம் மாறிவிடும். "சனியனே, இந்தா வச்சுத் தொல" என்று காயைப் பழைய இடத்தில் வைப்பாள். என் அழுகைக்கு முன்னால் அவளுடைய சட்டமெல்லாம் நிற்காது, எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆனால் பழைய இடம் எது என்பதில் தகராறு வரும். அதற்காகத்தான் அந்த நோட்டு. பாதி எழுதிய கணக்கு நோட்டில், பக்கத்துக்கு ஒன்றாக ஆடுபுலிக் கோடுகளை வரைந்து, ஆட்டம் எனக்குச் சாதகமாக இருக்கும் நேரம் பார்த்து, ஆடு இருக்கும் இடத்தில் புள்ளி, புலி இருக்கும் இடத்தில் வட்டம் என்று குறித்துக்கொள்வேன். அப்புறம் ஆடு போனால் அழவே வேண்டாம். "ஒம்பதாம் பக்கத்துக்குப் போவோம்" என்றால் போதும், காய்களையெல்லாம் அந்தப் பக்கத்தில் இருப்பது போல அடுக்கி அங்கிருந்து ஆடலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அக்காவுக்கோ சிரிப்பு. "இப்படி ஜெயிச்சு என்னத்த கிழிக்கப் போற?" என்பாள். "மொதல்ல நெஜ ஆட்டப் பாருங்கடி, புளியங்கொட்டைய அப்பறம் மேய்க்கலாம்" என்று அம்மா தூக்குச்சட்டியை நீட்டும்போதெல்லாம் சொல்வாள்.

லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போது கோடை மழை ஒன்று பெய்தது. கீழ்க்காட்டில் சோளம் அறுத்த கட்டைகள் அப்படியே நின்றன. மழை பட்டதும் அவற்றில் பச்சைப் பசேலென்று துளிர் வந்துவிட்டது. எங்கள் பக்கம் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது: அந்தத் துளிரை ஆடு தின்னக் கூடாது, தின்றால் விஷம். அப்பா லாரிக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். "சோளக்கட்டப் பக்கம் மட்டும் விட்டுறாதீங்க. தின்ன எடத்துலயே சாஞ்சிடும்."

அப்பா போன மூன்றாம் நாள் மத்தியானம். ஆடுகள் மரத்தடியில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன. அன்றைக்கு எனக்கு யோகம் அடித்தது. பதினைந்து ஆடும் இறங்கி, ஒன்றுகூட வெட்டுப்படாமல், ஒரு புலியை மூலையில் அடைத்தும்விட்டேன். அவசர அவசரமாக அதைக் குறித்துக்கொண்டேன். அதுதான் பதினேழாம் பக்கம். அங்கிருந்து ஆடினால் ஒரு ஆடு போனது. திரும்பப் பதினேழாம் பக்கம். வேறு வழியில் போனேன், அதிலும் ஒன்று போனது. திரும்பவும் பதினேழு. எத்தனை தடவை என்று கணக்கில்லை. வேர்வை நோட்டில் சொட்டி புள்ளிகள் ஊறிப் பரவின. நடுவில் அக்கா தலையைத் தூக்கினாள். "ஆட்டுச் சத்தமே காணோம்டி. பாத்துட்டு வரேன், இரு" என்று எழுந்தாள். நான் அவள் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஒரே ஒரு தடவக்கா. அம்மா சத்தியமா இதான் கடைசி. இப்பப் போனா மறந்துடுவேன்." அக்கா கீழ்க்காட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என் உதடு பிதுங்கத் தொடங்கியிருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தடவை ஜெயித்தேன். ஒரு ஆடுகூடப் போகாமல் மூன்று புலிகளையும் அடைத்தேன். என் வாழ்க்கையில் ஆடுபுலியில் ஜெயித்தது அந்த ஒரே தடவைதான். பாறை மேல் ஏறிக் குதித்துக் கத்தினேன், குதித்த உயரத்தில் கீழ்க்காடு தெரிந்தது. சோளக்கட்டைக்குள் நிறம் நிறமாக முதுகுகள்.

ஐயோ, எப்படி ஓடினோம் என்று தெரியவில்லை. எட்டை விரட்டி வெளியே கொண்டுவந்துவிட்டோம். வரப்போரமாக நின்றவை, இரண்டு வாய்தான் கடித்திருக்கும். செவலை மட்டும் நடுக்காட்டில் கிடந்தது, சினை ஆடு. கால் இழுத்துக்கொண்டது, வாயில் நுரை. அக்கா அதன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, "வூட்டுக்கு ஓடு, புளி கரைச்சு எடுத்தாரச் சொல்லு" என்று என்னைத் துரத்தினாள். நான் ஓடி, பக்கத்து வீட்டு ஆளோடும் சொம்போடும் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவின் தாவணி முழுக்க நுரை. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் அப்பா லாரியிலிருந்து இறங்கி வந்தார். பட்டியைப் பார்த்தார். "யாரு கவனிக்காம விட்டது?" என்று கேட்டார். நான்தான், நான்தான் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அக்கா, "நான்தாம்ப்பா. தூங்கிட்டேன்" என்றாள். பொய். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அப்போது பயம்தான் பெரிதாக இருந்தது, இதில் மழுப்ப ஒன்றுமில்லை. அப்பா அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. "ஆளு இருக்கும்போதே இப்படின்னா, இல்லாதப்ப என்ன ஆவும்?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது அக்கா தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காட்டுக்குப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு பஸ் ஏற வழி கிடைத்தது. ஆட்டைப் பார்க்கத்தான் வீட்டில் ஆள் இருக்கிறதே. பரணில் இருந்த அந்த ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை அக்காவே தூசி தட்டிக் கொடுத்தாள், அட்டைகூடக் கிழியவில்லை. நான் படித்தேன், திருச்சியில் ஆபீஸ் வேலைக்கு வந்தேன். அக்கா உள்ளூரிலேயே கல்யாணம் கட்டினாள்.

நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் பதினேழாம் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆபீஸில் கூட்டம் நடக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம், திடீரென்று அந்தப் பாறைக்குப் போய்விடுவேன். ஒரு தடவை அக்காவை எழுந்துபோக விடுவேன். ஒரு தடவை நானே ஆட்டைத் திருப்ப ஓடுவேன். ஒரு தடவை அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் அக்கா அட்டை போட்ட புத்தகத்தோடு பஸ்ஸில் ஏறுவாள். அப்புறம் என் நிறுத்தம் வந்துவிடும்.

அந்தப் பாறை இப்போது இல்லை. வெடி வைத்து உடைத்து ஜல்லியாக்கி எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் பெரிய பள்ளமும் அடியில் பச்சைத் தண்ணீரும் கிடக்கின்றன. சோளம் போட்ட காட்டில் மக்காச்சோளம் நிற்கிறது. நோட்டு எந்த மழையில் கரைந்ததோ. அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று, இனி உண்மையைச் சொல்லவும் ஆள் இல்லை.

போன வாரம் அக்கா கண் பரிசோதனைக்காகத் திருச்சி வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். என் மகன் பெரியம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சிப்பாய் விளையாட்டைக் காட்டினான். ஒருத்தன் விழுந்தான். "இருங்க பெரியம்மா, பழைய எடத்துலேர்ந்து ஆடிக் காட்டுறேன்" என்றான். அக்கா அவன் கையைப் பிடித்தாள். "போனவன் போவட்டும்டா. அஞ்சு பேரு நிக்கிறாங்கல்ல, அவங்கள வச்சு ஆடு." காபியோடு வந்த எனக்கு அது காதில் விழுந்தது. தம்ளரை மேசையில் வைத்துவிட்டுச் சொல்லியேவிட்டேன். "அக்கா, அன்னைக்கு அப்பாகிட்ட நான் சொல்லியிருக்கணும்."

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "சொல்லியிருந்தா?"

"நீ படிச்சிருப்ப."

"எப்படிடி? ஆடு செத்தது செத்ததுதான். என்னைய அனுப்புறதில்லன்னு அப்பா அப்பவே முடிவு பண்ணிட்டாரு. நீயும் மாட்டிக்கிட்டா உன்னையும் ரெண்டு வருஷத்துல நிறுத்தியிருப்பாரு. ஒண்ணு போனது போதும்னு விட்டுட்டேன்."

செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பதினாலு வயசில் இதை யோசித்திருக்கிறாள். தரையிலேயே உட்கார்ந்து மகன் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். அந்தக் காலமாக இருந்தால், சனியனே என்று காயைத் திருப்பி வைத்திருப்பாள். இப்போது என் தலையில் ஒரு தட்டு தட்டி, "எழுந்திரிடி, காபி ஆறிப் போவுது" என்றாள்.