அப்பா வழி வந்த பங்கு

என் மகளைப் பெண் பார்க்கக் காஞ்சிரங்குளத்திலிருந்து வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுவாரம் வேண்டாம் என்றார்கள். காரணத்தை மாப்பிள்ளையின் தாயே என்னிடம் சொன்னாள். அப்பாவின் அக்கா, எனக்கு மாமி, ஆலய வாசலில் அவளை நிறுத்திச் சொல்லியிருக்கிறாள்:

“பிள்ளைக்க அம்மச்சிக்குப் பிராந்தாக்கும். ரத்தத்தில உள்ளது. நாளைக்கு இவளுக்கும் வரும்.”

அப்போது அம்மா எங்களோடுதான் இருந்தாள். அல்சைமர். குளித்துவிட்டு வந்து, மறுபடி குளிக்கத் துண்டு தேடுவாள். என்னைத் தன் தங்கை என்று நினைத்துக் கொஞ்சுவாள். யாரையும் ஏசியதில்லை. அவளைத்தான் மாமி பைத்தியமாக்கினாள். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறாள். அம்மாவின் அடக்கத்தன்று மாமி எல்லோருக்கும் முன்னால் நின்று அழுதாள். எனக்கு அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது.

சென்ற வருடம் நான் பாடம் எடுக்கும் வகுப்பில் பிள்ளைகளின் பெயர் எனக்கே வராமல் போயிற்று. பயந்து திருவனந்தபுரத்தில் நரம்பு மருத்துவரிடம் போனேன். ஸ்கேனில் என் மூளை வயதுக்கேற்ற அளவுக்குத்தான் சுருங்கியிருந்தது. பெயர் சட்டென்று வராதது வயதின் வேலை, நோயில்லை என்றார். ஆனால் ரத்தப் பரிசோதனையில், ஆபத்தைக் கூட்டும் மரபணு இரண்டு பங்கு இருந்தது. வந்தே தீரும் என்றில்லை, வாய்ப்பு அதிகம். ஒரு பங்கு அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது.

அப்பா இளம் வயதிலேயே பஸ் விபத்தில் போனவர். அவருக்கு மறதி வருமா என்று பார்க்க ஆயுள் இருக்கவில்லை. மகளுக்கும் ஒரு பங்கு போயிருக்கும் என்றார் மருத்துவர். அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் வந்தது. அப்பா பிறந்த வீடுதானே மாமி பிறந்த வீடும்.

மாமியின் பேத்திக்குத் திருப்புறம் ஊரிலிருந்து சம்பந்தம் பேச வந்த அன்று, அழைக்காமலே போனேன். மாமி அடுக்களையில் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பது தாண்டியும் எதையும் மறக்காதவள்.

“மாமி, அம்மைக்கு வந்த சூக்கேடு உங்க குடும்பத்திலயும் உண்டு. எனக்கு அப்பா வழியாட்டும் வந்திருக்கு. டாக்டரு சொன்னாரு.”

“மெதுவா பேசு மக்கா, அவிய கேட்டுரப்போறாவ.”

“அன்னைக்கு நீங்க மெதுவாவா பேசினிய?”

அவளே கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்தாள். “சொல்லிராத மக்கா. பிள்ளைக்க வாழ்க்கையாக்கும்.”

“எனக்க மவளுக்கு உள்ளது வாழ்க்கை இல்லியா?”

கையை உருவிக்கொண்டு கூடத்துக்குப் போய், மாப்பிள்ளையின் தாய் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மழையைப் பற்றியும் பொழியூரில் கடல் ஏறுவதைப் பற்றியும் பேசினோம். மாமி வாசலில் நின்று என் வாயையே பார்த்தாள். மாமியின் பேத்தி எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, அதனால் சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்று மாமியிடமும் சொல்லவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. பிறகு மாமி போன் செய்யத் தொடங்கினாள்.

“கண்ணாடிய எங்க வச்சேன்னு ஓர்மை இல்ல மக்கா. இது அதுவா இருக்குமோ?”

அந்த வயதில் எவருக்கும் நடப்பதுதான். அதைச் சொன்னால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

“கவனமா இருங்க மாமி,” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மறுபடியும் கூப்பிடுவாள். எடுப்பேன். அப்போதும் கவனமா இருங்க என்றுதான் சொல்வேன்.