ரத்தம் நல்லா இருக்கு

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் இருக்கும் இருதயம்மாவுக்கு இரண்டு வருடமாக ஒரே பட்டப்பெயர்தான்: அரைப்பேரு. சொன்ன நிறைக்குக் கொழுந்து பறித்தால் அந்த நாளுக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். ஒரு காலத்தில் மற்றப் பெண்கள் ஒரு நிரையை முடிப்பதற்குள் அடுத்த நிரைக்குப் போய்விடுகிறவள் அவள்.

இப்போது கை எழும்புவதில்லை. வெயிலிலும் குளிர்கிறது. புருஷன் மாணிக்கராஜின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போகிறாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. காலையில் முகம் அழுது எழுந்தவள் முகம்போல ஊதியிருக்கிறது. கோயிலில் முதல் பாட்டை எடுத்துக் கொடுத்த தொண்டை, ஆம்பிளைத் தொண்டைபோலக் கரகரக்கிறது.

"என்னா இருதயம், செடிக்குச் செடி தூங்கி விழுற? தலகாணி கொண்டாரச் சொல்லட்டா?" என்பார் கங்காணி ராமாமிர்தம்.

"அவளுக்குச் சொகமில்லீங்க. வேணும்னா செய்றா?" என்று முற்றிய செடிகளைக் கவ்வாத்து வெட்டும் பக்கத்திலிருந்து மாணிக்கராஜ் குரல் கொடுப்பான்.

அந்த ஒரு குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளை ஓட்டினாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் பத்தாது" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். தோட்டத்தில் பெண்களின் களைப்புக்கு அந்த ஒரு பெயர்தான். 'ரத்தம் பார்க்கிறது' என்றாலே, ரத்தம் போதுமா என்று பார்ப்பதுதான்.

கடைசியில் பதுளைக்குப் போய் ஆஸ்பத்திரியில் காட்டினாள். அங்கே இருந்த இளம் சிங்கள டாக்டர் அவள் கையின் வறண்ட தோலைத் தடவிப் பார்த்தார். பேசச் சொல்லிக் கேட்டார். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"அம்மே, இது ரத்தம் பத்தாம இல்ல போல. தைராய்ட் பாக்கணும். வெளியே டெஸ்ட் செய்து கொண்டு வாங்க."

டெஸ்ட்டின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். சோம்பேறித்தனம் இல்லை, நோய் என்று ஒருவர் சொல்லிவிட்டார். இனி அது தாளில் வரவேண்டும், அவ்வளவுதான்.

சம்பளம் வந்த பிறகுதான் மறுபடி பதுளைக்குப் போக முடிந்தது. அதற்குள் மலையில் பெய்த மழையில், சட்டைக்குள் சொருகியிருந்த துண்டு கூழாகிப் போயிருந்தது.

"துண்டு இல்லாட்டி என்ன டெஸ்ட்டுன்னு சொல்லுங்க ஆன்ட்டி," என்றாள் பரிசோதனை நிலையத்தில் இருந்த றின்ஸா.

அந்தச் சொல் வரவில்லை. இப்போதெல்லாம் எந்தச் சொல்லும் உடனே வருவதில்லை. "தை... தைன்னு வரும் புள்ள."

"தை மாசமா?" என்று பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள்.

தொண்டையைத் தொட்டுக் காட்ட எடுத்த கையை இருதயம்மா கீழே போட்டுவிட்டாள். எடுக்கப்போவது ஒரே ரத்தம்தானே, அதில் எல்லாம் தெரியாமலா போகும் என்று நினைத்தாள்.

"ரத்தம் பாக்கணும் புள்ள," என்று கையை நீட்டினாள்.

ரத்தம் போதுமா என்று மட்டும் பார்த்து றின்ஸா கொடுத்த அறிக்கையை, தோட்டத்துக்குத் திரும்பியதும் டிஸ்பென்சரி ஐயாவிடம் கொடுத்தாள்.

"ரத்தம் நல்லா இருக்கு. இனி மாத்திரையும் வேணாம்."

"டாக்டர் தொண்டையத் தொட்டுக் காட்டினாருங்க."

அவர் எட்டி அவள் கழுத்தைப் பார்த்தார். "வீக்கம் ஒண்ணும் இல்லியே. உனக்கு நோயே இல்ல, போ."

வீக்கம் இல்லாமலும் தைராய்டு குறையலாம். அதற்கான ரத்தப் பரிசோதனை வேறு. அதை யாரும் செய்யவே இல்லை என்று அந்தத் தாளில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் அவள் மலையேறுவதற்குள் சங்கதி ஏறிவிட்டது.

"ரத்தம் தங்கமா இருக்காமே! இனி என்னா சாக்கு சொல்லுவ?" என்றார் கங்காணி. நிரை முழுக்கச் சிரித்தது.

அவள் கவ்வாத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாணிக்கராஜ் குனிந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

சாயங்காலம் கேட்டாள்: "நீங்களும் நம்பலியா?"

"தாளே சொல்லுதே இருதயம். நான் என்னத்தச் சொல்ல?" கோபமாகச் சொல்லியிருந்தாலாவது திருப்பிப் பேசியிருப்பாள். அவன் களைத்துப் போய்ச் சொன்னான்.

பதுளை டாக்டரிடம் திரும்பப் போகலாமே என்று நாம் நினைக்கலாம். அவளும் நினைத்தாள். ஆனால் போய் நீட்ட அவளிடம் இருந்தது, ரத்தம் நல்லா இருக்கு என்ற அந்தத் தாள் மட்டும்தான்.

அடுத்த நாள் காலை, வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டார். "இருதயம்மா!"

"இருக்கேங்க," என்றாள். கரகரத்த குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. முன்பெல்லாம் இப்படி ஆனால், "வந்திருக்கா, வந்திருக்கா" என்று மாணிக்கராஜ் சத்தம் போடுவான்.

கங்காணி ஒரு கணம் பார்த்தார். மாணிக்கராஜ் குனிந்து கத்தியின் கூர் பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை என்று குறித்துக்கொண்டு கங்காணி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.