கட்டியவர்க்குச் சாதியில்லை

நாங்கள் வீரசைவர். பிறந்த குழந்தைக்கும் கழுத்தில் லிங்கம் கட்டுவோம். கட்டியவர் எல்லோரும் சமம் என்று, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் குட்மேய்ஸ் மண்டபத்தில் அப்பா மேடையேறிப் பேசுவார். நான் விரும்பியவனின் சாதி தெரிந்ததும் அதே அப்பா என் கன்னத்தில் அறைந்தார்.

“அவனும் லிங்கம் கட்டுறன் எண்டவன். கட்டினால் சாதியில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?” என்றேன்.

“உனக்கே இனி லிங்கம் இல்லை, கழட்டடி!” என்று கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிறு அறவில்லை, கழுத்துத் தோல்தான் கிழிந்தது. எனக்கு மூச்சு முட்டியது. அம்மா ஓடிவந்து அவர் கையைக் கடித்தார். ரத்தம் வந்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

“வெளிக்கிடு பிள்ளை, நானும் வாறன்,” என்றார் அம்மா.

செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஏறினோம். நகரின் மறுகோடியில், கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறை கிடைத்தது. என் பதிவுத் திருமணத்துக்கு எங்கள் பக்கத்தில் அம்மா மட்டும் வந்தார்.