கடைவாசலில் இரண்டாவது போஸ்டர்

காரைக்குடியில் என் பேப்பர் கடை வாசலில், அன்றைய முக்கியச் செய்தி போஸ்டராகத் தொங்கும். 'செட்டியார் வீட்டில் வெள்ளிக்குடம் திருட்டு. மானகிரி தச்சர் கைது' என்று ஒருநாள் தொங்கியது. மறுவாரமே குடம் அதே வீட்டில், பங்காளி பூட்டிப்போட்டிருந்த அறையில் கிடைத்துவிட்டது. போலீஸ் தச்சரை விட்டுவிட்டது. பத்திரிகைக்கு மட்டும் அது செய்தியாகப் படவில்லை.

பிறகுதான் தச்சரின் மனைவி வர ஆரம்பித்தார். ஒல்லியான உடம்பு, ஏற்றிச் செருகிய கண்டாங்கிச் சேலை. "குடம் கெடச்சது வந்திருக்காண்ணே?" என்பார். இல்லையென்று சொன்னால் திரும்பிப் போய்விடுவார்.

ஒரு காலையில், பழைய போஸ்டரின் பின்பக்கத்தில் கரியால் எழுதி வந்து தானே மாட்டினார்: 'குடம் கெடச்சிருச்சு. தச்சர் திருடலை.'

திருட்டுச் செய்திகளைக் கத்தரித்துவைத்துக் குற்றங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துவந்த கல்லூரிப் பேராசிரியர் அதைப் படித்தார்.

"பத்திரிகையில வந்தாத்தாம்மா நான் ஆராய்ச்சியில சேத்துக்க முடியும்."

"அவுக திருடுனத யாரு பாத்தீக?"

"பத்திரிகையில போட்டிருந்துச்சே."

"சரி. அதுல இதையும் போடுற வரைக்கும் இது இங்குட்டுத் தொங்கட்டும்."

தினமும் சாயங்காலம் கழற்றிக்கொண்டு போவார். காலையில் கொண்டுவந்து மாட்டுவார். எழுத்து மங்கினால் மேலே கரி ஏறும்.

ஒருநாள் அடைமழை. அவர் வரவில்லை. பேப்பர் வாங்க வந்த ஒருவர், அவருடைய போஸ்டர் தொங்கும் ஆணி வெறுமனே இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன, தச்சரைத் திரும்பவும் பிடிச்சுட்டாகளா?" என்றார்.

மறுநாள் அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். அதன்பின் எந்த மழையிலும், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கடை திறக்கும் முன்பே வந்து நின்றார்.