தங்கை குடிக்காத கஷாயம்

என் தங்கை போய் ஓராண்டு ஆகிறது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அவள் மகன், என் மருமகன், எழுதுகிறார். 'அவள்' என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எடமலைப்பட்டி புதூரில் பிறந்தோம். அப்பா சீக்கிரம் போய்விட்டார். நான் காந்தி மார்க்கெட்டில் கீரையும் மூலிகையும் விற்றேன்; அவள் படித்தாள். மார்க்கெட்டில் அப்போது இவ்வளவு நெரிசல் கிடையாது, அது கிடக்கட்டும். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் போனாள். தென்னூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. நெல்லி, துளசி, வல்லாரை மூன்றையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒவ்வொன்றின் சாற்றையும் தனியே சோதிப்பாள், பிறகு சேர்த்துச் சோதிப்பாள். கத்தரிப்பூ நிறத் தண்ணீரில் சாற்றை விட்டால் மஞ்சளாக மாறும்.

"இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உடம்புக்குள்ளயும் ஒண்ணு நடக்குதுண்ணே. அதை இது தடுக்குதான்னு பாக்குறோம். மஞ்சளானா தடுக்குதுன்னு அர்த்தம்."

மூன்றும் சேர்ந்தபோது நிறம் சட்டென்று மாறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப பாட்டில்ல போட்டு வித்துடலாமே."

"உனக்கு எப்பவும் கடை நெனப்புதான்" என்று சிரித்தாள். "தனித்தனியா நல்லதா இருக்கிறது, சேந்தா உடம்புக்கு ஆகும்னு சொல்ல முடியாது. ஈரலுக்குக் கெடுதல் பண்ணுதான்னு இன்னும் பாக்கணும்."

பார்த்து முடிப்பதற்குள் அவள் வயிற்றில் கட்டி வந்துவிட்டது.

டாக்டர்கள் கையை விரித்த பிறகு, அதே மூன்றையும் நானே காய்ச்சித் தூக்குவாளியில் ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துப் போனேன். திருவானைக்காவல் தாண்டும்போது பஸ் குலுங்கி, கொஞ்சம் வேட்டியில் சிந்தியது. மூடியைத் திறந்ததும் வாசனையிலேயே கண்டுகொண்டாள்.

"குடி பாப்பா. இனிமே என்ன கெட்டுப்போவப் போவுது."

வாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் குடிச்சா, சோதிச்சவளே குடிச்சாளாம்னு ஊரே குடிக்கும்ணே. யாருக்காவது ஒத்துக்கலைன்னா?"

"ஊரு கிடக்கட்டும். எனக்கு நீ வேணும்."

வாளியைச் சூடு ஆறும்வரை அணைத்து வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வாளியை அதன்பிறகு நான் வெளியே எடுக்கவில்லை.

கடைசிவரை பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், அம்மா மண்டபப் படித்துறையில் காரியத்தில் கூட நின்ற சொந்தங்களுக்கும், சோதனையை விடாமல் நடத்திவரும் அவள் ஆய்வுக்கூடத் தோழிகளுக்கும் கை கூப்புகிறேன். செடிகளை இன்றும் நானே கொண்டுபோகிறேன்.

துக்கம் கேட்க வந்த உங்களில் சிலர், "உங்க தங்கச்சி செஞ்ச மருந்து கொஞ்சம் இருக்குமா" என்று கேட்டீர்கள். வருத்தப்படாதீர்கள். சோதனை இன்னும் முடியவில்லை. முடிகிறவரை என்னிடம் கேட்காதீர்கள். நான் கெஞ்சியும் அவள் குடிக்கவில்லை.